நாகதம்பிரான் மூலை

"காட்டிலைதான். உன்ரை மாமா விறகு வெட்டப் போன இடத்திலைதான்…"

"அம்மா, நான் கேட்டது…"

"…கால் போனது. ஆசுபத்திரித் துண்டிலையும் அப்பிடித்தான் இருக்கு…"

"துண்டிலை மாமா சொன்னதைத்தான் எழுதுவினம். அவர் என்ன சொன்னவர் எண்டு நான் கேக்கேல்லை…"

"மனுசன் செத்து ஏழு மாசம். பன்ரண்டு வருசத்துக் கதையைக் கிண்ட உனக்கு இப்ப என்னடி…"

"…எங்கை வெடிச்சது எண்டுதான் கேட்டனான்."

கழுவுகிற மெசின் பிழியத் தொடங்கி நிலம் அதிர்ந்தது. இரண்டு பேரும் வாயை மூடவில்லை. மெசினுக்கு மேலால் கத்தினார்கள்.

சுவிஸில், பேர்ண் நகரத்து ஓரமான பூம்ப்ளிஸில் இரத்தினம்மா இருக்கும் கட்டடத்தின் நிலக்கீழ்ச் சலவை அறை அது. பன்னிரண்டு குடும்பத்துக்கும் பொது. இரத்தினம்மாவின் முறை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வியாழக்கிழமை, ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை. அதைத் தவறவிட்டால் இன்னும் இரண்டு கிழமை காத்திருக்க வேண்டும். ஆகவே சண்டை வந்தால் என்ன, சாவு வந்தால் என்ன, உடுப்பைத் தோய்த்துத்தான் ஆக வேண்டும். மகள் வேணுகா அது தெரிந்துதான் இறங்கி வந்திருந்தாள். தாய் கதையைப் பாதியில் விட்டு எழும்பிப் போக முடியாத இடம் அது ஒன்றுதான்.

வேணுகாவுக்கு பேர்ணில் வேலை. சண்டை ஓய்ந்த நாடுகளில் மிதிவெடி எடுக்க ஆட்களை அனுப்புகிற ஓர் அமைப்பு. அவள் ஒரு வெடியையும் கண்ணால் கண்டவளில்லை. தோண்டுகிறவர்கள் இறங்குவதற்கு முன்னால், எந்தக் காணியில் வெடி இருக்கலாம், எதில் இல்லை என்று சனத்தின் சாட்சியையும் வானத்திலிருந்து எடுத்த படங்களையும் வைத்துத் தீர்ப்பது அவளுடைய பிரிவு. இருக்கலாம் என்று எழுதினால் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை வரும். ஆட்கள் முழங்காலில் இருந்து சாண் சாணாகத் தேடுவார்கள். இல்லை என்று எழுதிவிட்டால் அந்தக் காணிப் பக்கம் தேடுகிறவர்கள் ஒருவரும் போகமாட்டார்கள். உரியவன் உழலாம், வீடு கட்டலாம். அந்தக் கிழமை மேசைக்கு வந்த பட்டியலில் தாயின் ஊர் இருந்தது. நூற்றுப்பதினேழு காணிகள். அறுபத்திரண்டாவது, புளியடிக் காணி. 'ஆதாரம் இல்லை' என்று பக்கத்தில் போட்டிருந்தது.

"சொந்தக்காரற்றை காணி, நான் பாக்கக் கூடாது எண்டு எங்கடை பெரியவவுக்குச் சொல்லிப்போட்டன்" என்றாள் வேணுகா. "வேறை ஆக்கள் பாக்கினம். ஆனால் அவைக்கு அது வெறும் நம்பர். எனக்குத் தெரிஞ்சது அவைக்குத் தெரியாது."

"உனக்கு என்ன தெரியும்? நீ இஞ்சை பிறந்தனி."

வேணுகா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து உலர்த்தும் மெசினுக்கு மேல் விரித்தாள். "இது புளியடிக் காணி. இது கிணறு. இது கச்சான் போட்ட இடம். ஒவ்வொரு வருசப் படமும் பாத்தனான். எல்லா வருசமும் முழுக் காணியும் கொத்தியிருக்கு. இந்த மூலையை மட்டும் பாருங்கோ. எலி கடிச்ச அப்பம் மாதிரி."

"அது நாகதம்பிரான் மூலை. அங்கை ஆரும் மண்வெட்டி வைக்க மாட்டினம்."

"நாகதம்பிரான் எப்ப வந்தவர்?"

"சாமி எப்ப வந்தது எண்டு கேப்பினமோ? எப்பவும் இருக்கிறவர்."

"அந்த மூலைப் பனையிலை உங்கடை ஐயா மாட்டுக்கண்டு கட்டுறவர் எண்டு எனக்கு எத்தினை தரம் சொல்லியிருக்கிறியள். சிவப்பி எண்டு பேரும் சொன்னனீங்கள். நாகதம்பிரான் இருக்கிற இடத்திலை கண்டுக்குட்டி கட்டி, அது சாணி போடுறதோ அம்மா?"

இரத்தினம்மா ஈரப் படுக்கை விரிப்பை உதறினாள். உதறிய விதத்தில் வேணுகாவின் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

"மாமாவுக்குக் கால் போனது ஆவணியிலை" என்றாள் வேணுகா, முகத்தைத் துடைக்காமல். "நாகதம்பிரான் கல்லு வந்தது அதே வருசம் கார்த்திகையிலை. எங்கடை ஆக்கள் ஊருக்குப் போய்க் கேட்டவை. சனம் சொல்லியிருக்கு. வாயாலை வெடி எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம். எங்கை கால் வைக்காமல் நடக்கினம் எண்டு பாத்தால் போதும், அதுதான் எங்கடை வேலை."

"நல்ல வேலைதான். உங்கடை சிவப்புப் பலகையைச் சனம் பிடுங்கிக்கொண்டு போய் கோழிக்கூட்டுக்குக் கூரை போடுது. நாகதம்பிரானிலை ஆரும் கை வைச்சவையோ? பன்ரண்டு வருசம். ஒரு ஆடு உள்ளுக்கை போகேல்லை. உங்கடை பலகை காக்குமோ அப்பிடி?"

சொல்லி முடிக்கவும் மெசின் நின்றது. அந்த அறையில் திடீரென்று இரண்டு பேருடைய மூச்சும் கேட்டது.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றாள் வேணுகா, மெதுவாக.

இரத்தினம்மா மெசினின் கதவைத் திறந்தாள். உடுப்பை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடைக்குள் போட்டாள். காலுறைகளைச் சோடி சேர்த்தாள். சோடி சேராத ஒன்று கையிலேயே இருந்தது.

"உன்ரை மச்சாள் லக்சியின்ரை சீதனம் அது" என்றாள் கடைசியில். "அந்தக் காணியைக் காட்டித்தான் கட்டிக் குடுத்தது. பதினொரு வருசமாய்ப் பிள்ளை இல்லை. அந்த மாமியார் இராசம்மா வாயைத் திறந்தால் அவளுக்கு நெருப்பு. பிள்ளையும் இல்லை, காணியும் பொய்யெண்டால் அவளை வைச்சிருப்பினமோ? தகப்பன் பொய்யன், பொய்யன்ரை மகள் எண்டு வாசலிலை விடமாட்டினமோ? சொல்லு. நீ படிச்சனி."

 வேணுகா வேறொன்று சொன்னாள்.

"இதை உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டு இருந்தனான். மாமா காடு எண்டு சொன்னபடியாலை காட்டுக்குத்தான் ஆக்களை விட்டவை. நாப்பது பேர், அஞ்சு மாசம், முழங்காலிலை இருந்து தேடினவை. ஒரு ஆணி கூட வரேல்லை. அந்த அஞ்சு மாசமும் பக்கத்து ஊர் தங்கடை முறை எப்ப வருமெண்டு பாத்துக்கொண்டு இருந்தது. அங்கை ஒரு பொம்பிளை கீரை பிடுங்கப் போய்…" அவள் நிறுத்தினாள். "கைதான். உயிர் இருக்கு."

சலவை அறையின் கதவை யாரோ திறந்து எட்டிப் பார்த்து, இன்னும் எட்டு மணியாகவில்லை என்று கண்டு, மன்னிப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"திங்கக்கிழமை பட்டியல் மூடுது. உங்கடை பேர் வேண்டாம். பேர் போடாமலும் எழுதலாம். இடம் மட்டும் வேணும்." வேணுகா தாளை அங்கேயே விட்டுவிட்டுப் படியேறிப் போனாள்.

*

காடு என்று சொல்லச் சொன்ன வாய் இரத்தினம்மாவினுடையதுதான். அதை அவள் தன் புருசனுக்கும் சொன்னதில்லை.

அண்ணை சண்முகநாதன் முகாமிலிருந்து ஊர் திரும்பி ஒரு வருசம். மனைவியைச் சண்டையின் கடைசி மாதத்தில் சாகக் கொடுத்துவிட்டு வந்தவர். மிஞ்சியது ஒரு மகள், ஒரு காணி. லக்சாயினி யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படித்துக்கொண்டிருந்தாள். சிந்துஜனைப் பேசி முற்றாகி, மாப்பிள்ளை வீட்டார் காணி பார்க்க வருவதற்கு இரண்டு கிழமை இருந்தது. அவர்கள் வருமுன் மூலைப் பற்றையை வெட்டித் துப்புரவாக்க வேண்டுமென்று அண்ணை இறங்கினார். உழவுமெசின்காரன் ராசா காணிக்கு வெளியில் நின்றான். அந்த நாளில் மிதிவெடி எடுக்கிறவர்கள் சுற்றுவட்டாரமெல்லாம் வெடிக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். நாளுக்கு நாலு சத்தம் கேட்கும். ஒன்று கூடினால் யார் எண்ணப் போகிறார்கள்.

அண்ணை ராசாவின் போனிலிருந்துதான் எடுத்தார். ஆசுபத்திரிக்குப் போகிற வழியில், உழவுமெசின் பெட்டிக்குள் கிடந்துகொண்டு.

"தங்கச்சி, கால் போட்டுது."

"எங்கை அண்ணை?"

"எங்கடை காணியிலைதான். கிணத்துக்கும் மூலைப் பனைக்கும் நடுவிலை. இன்னொண்டும் கண்டனான். பச்சை மூடி. கிணத்துப் பக்கமாய் எட்டடி இருக்கும். நிரைக்கு வைச்சிருக்கிறாங்கள் தங்கச்சி."

"ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"இனித்தான் சொல்ல வேணும்."

"சொல்லாதையுங்கோ. காட்டிலை விறகு வெட்டப் போன இடம் எண்டு சொல்லுங்கோ. இப்ப சொன்னால் சிவப்புப் பலகை நட்டுப்போடுவாங்கள். எப்ப எடுக்கிறாங்களோ தெரியாது. லக்சியின்ரை அலுவல் குழம்பிப் போம் அண்ணை."

 அண்ணை, "ஓம், நீ சொல்லுறது சரிதான்" என்றார். காலில்லாமல் கிடந்துகொண்டு, சரி என்றார்.

கால் ஆறும்வரை காணி பார்ப்பது தள்ளிப் போக, அதற்குள் ராசாவைக் கொண்டு, தன்னைத் தூக்கிவந்த தடத்தாலேயே, கல்லை நடுவித்ததும் மஞ்சள் துணி கட்டுவித்ததும் அவருடைய யோசனை. அதைப் போனில் சொன்னபோது இரத்தினம்மா சிரித்தாள், அவரும் சிரித்தார். "இனி அங்கை ஒரு எறும்பும் வராது தங்கச்சி. விளக்கு வைக்கிற ஆக்களும் வேலிக்கு வெளியிலை நிண்டுதான் வைக்க வேணும், உள்ளுக்கை வந்தால் பாம்புக்குப் பிடியாது எண்டு சொல்லிப்போட்டன்." கலியாணம் முடிந்ததும் மிதிவெடிக்காரரிடம் உண்மையைச் சொல்லுவோம் என்றுதான் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். பிறகு முதல் பிள்ளை பிறக்கட்டும் என்றார்கள். பிள்ளை பிறக்கவில்லை. ராசா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். போன சித்திரையில் அண்ணையும் போனார். பச்சை மூடி எங்கே இருக்கிறதென்று தெரிந்தவர்கள் உலகத்தில் இப்போது ஒருத்திதான். அவள் பூம்ப்ளிஸில் காலுறை சோடி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

*

வெள்ளிக்கிழமை காலை வேலையில் ஃபிரௌ கெர்பர் அம்மா விழுந்துவிட்டார்.

இரத்தினம்மா வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். ஃபிரௌ கெர்பருக்குத் தொண்ணூற்றொரு வயது. அவருடைய அறைக்கு ஒரு சின்ன பல்கனி உண்டு. அங்கே செரேனியம் பூச்சட்டி நாலு. கார்த்திகைக் குளிரில் எல்லாம் வாடிக் கருகிப்போயிருந்தன. ஆனாலும் மனுசி விடியக் காலமை எழும்பி அதற்குத் தண்ணீர் ஊற்றப் போவார். இரத்தினம்மா கதவைத் திறந்தபோது பல்கனி வாசலில் ஒருக்களித்துக் கிடந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. முழங்கை மட்டும் நீலம் பாரித்திருந்தது.

விழுந்தால் துண்டு எழுத வேண்டும். எத்தனை மணி, எங்கே, எப்படி. இரத்தினம்மா பேனையை எடுத்தபோது ஃபிரௌ கெர்பர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"குளியலறை என்று எழுது, ரத்னா."

"நீங்கள் இங்கேதானே விழுந்தீர்கள்?"

"பல்கனி என்று எழுதினால் கதவைப் பூட்டிவிடுவார்கள். பக்கத்து அறை ஹூபர் அம்மாவுக்குப் பூட்டினார்கள். குளியலறை என்றால் ஒரு கைபிடிதான் பொருத்துவார்கள். யாருக்கு நட்டம்?"

  கிழவியின் விரல்கள் கோழிக்கால் மாதிரி மெலிந்து, ஆனால் இறுக்கமாக இருந்தன.

"அடுத்த முறை வெளிப்பக்கம் விழுந்தால்?" என்று இரத்தினம்மா கேட்டாள்.

"அடுத்த முறை என்பது என்னுடைய பாடு."

துண்டில் பல்கனி வாசல் என்று எழுதினாள். பின்னேரம் வேலை முடிந்து போகும்போது ஒருவன் வந்து கதவுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். இரத்தினம்மா போய்வருகிறேன் என்று சொன்னாள். ஃபிரௌ கெர்பர் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு ஐரோப்பாபிளாட்ஸில் இறங்கிக் கோயிலுக்குப் போகலாமா என்று இருந்தது. வெள்ளிக்கிழமை, பூசை இருக்கும். இறங்கவில்லை. அங்கே பிள்ளையாருக்கு இடதுபக்கம் நாகம் இருக்கிறது.

வீட்டில் நித்தியானந்தன் குசினி மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஓல்டனில் பொதிகள் பிரிக்கிற பெரிய மண்டபத்தில் அவருக்கு விடியற்காலை வேலை, மத்தியானத்தோடு வந்துவிடுவார். இடுப்பு வருத்தம் வந்தபிறகு கதையும் குறைந்துவிட்டது. மேசையில் அவருக்கு முன்னால் வேணுகா விட்டுப்போன தாள் கிடந்தது. சலவைக் கூடைக்குள்ளிருந்து எடுத்திருக்கிறார்.

"இஞ்சாரும்" என்றார். "இந்தக் கிணத்திலை நானும் ஒருக்கால் குளிச்சனான். எங்கடை கலியாணத்துக்கு அடுத்த கிழமை. தண்ணி ஐஸ் மாதிரி."

"அதை மடிச்சு வையுங்கோ."

"பிள்ளை கேட்டதைச் சொல்லிவிடுமன்."

"என்னத்தைச் சொல்ல?"

அவர் கோப்பையை வைத்தார். "கொண்ணை போன் எடுத்த அண்டைக்கு நான் வாசலிலை சப்பாத்து மாட்டிக்கொண்டு நிண்டனான். காடு எண்டு சொல்லுங்கோ அண்ணை எண்டு நீர் சொன்னது கேட்டது."

இரத்தினம்மா கதிரையை இழுத்து இருந்தாள். மேலங்கியைக் கழற்றவில்லை.

"பன்ரண்டு வருசம். ஒரு சொல்லுக் கேக்கேல்லை நீங்கள்."

"கேட்டால் நீர் சொல்லியிருப்பீர். பேந்து எனக்கும் தெரிஞ்சதாய்ப் போயிருக்கும்." அவர் தாளை அவள் பக்கம் திருப்பித் தள்ளினார். "நான் நல்ல மனுசன் எண்டு எல்லாரும் சொல்லுகினம். வாய் திறக்காதவனை அப்பிடித்தான் சொல்லுவினம்."

*

சனிக்கிழமை வேணுகா வந்தாள். தாய் வரச் சொல்லியிருந்தாள். வெளியில் பனிப்புகார் கட்டடங்களின் மூன்றாம் மாடி வரை மூடியிருந்தது. மேசையில் சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் மூடிவைத்திருந்தது. ஒருவரும் தொடவில்லை. நித்தியானந்தன் போய்க் கூடத்தில் இருந்தார்; தொலைக்காட்சி ஓடியது, சத்தமில்லாமல்.

இரத்தினம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனையை எடுத்தாள்.

"இது கிணறு. இதுதான் பனை. கொம்மாமாவின்ரை கால் போனது இஞ்சை." ஒரு புள்ளி வைத்தாள். "இதிலை இருந்து கிணத்துப் பக்கமாய் எட்டடியிலை இன்னொண்டு. பச்சை மூடி. கண்ணாலை கண்டவர். நிரைக்கு வைச்சிருக்கு எண்டு சொன்னவர்."

வேணுகா அந்த இரண்டு புள்ளிகளையும் பார்த்தாள். விரலால் ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கோடு இழுத்து, அதே நேராக விரலை நீட்டிக்கொண்டு போனாள். விரல் வேலியைத் தாண்டியது.

"நிரை எண்டால் ரெண்டோடை நிக்காது அம்மா."

"தெரியும்."

"மழை வேறை. மாரி மழைக்கு மண் கரைஞ்சு இடம் மாறும். எட்டடி எண்டு மாமா கண்டது இப்ப எங்கை நிக்குதோ." அவள் தாளை மடிக்காமல் அப்படியே தன் பக்கம் எடுத்துவைத்தாள். "திங்கக்கிழமை குடுத்தாலும் ஆக்கள் போய் இறங்க ரெண்டு மூண்டு மாசம் செல்லும். அதுவரைக்கும் லக்சி மச்சாளுக்குச் சொல்ல வேணும்."

"அவளுக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்லை. பலகை வரேக்கை அவளுக்கும் புதினம் மாதிரி இருக்கட்டும். ஆரோ பழைய ஆமிக்காரன் காட்டிக் குடுத்தவன் எண்டு நினைக்கட்டும். அவள் உள்ளுக்கை போகமாட்டாள். வேலிக்கு வெளியிலை நிண்டுதான் விளக்கு வைக்கிறவள்."

"கேட்டனீங்களோ?"

"தகப்பன் சொல்லி வளத்தது."

"மாமா போய் ஏழு மாசம். எடுத்துக் கேளுங்கோ. கேட்டிட்டு, போறேல்லை எண்டால் நான் பேசாமல் சாப்பிடுறன்."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்றேகால். ஊரில் ஆறு மணிக்குக் கால்மணி இருக்கும். இரத்தினம்மா போனை எடுத்து மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டினாள்.

"சுவிஸ் மாமி" என்றது லக்சாயினியின் குரல். அந்தப் பக்கம் தகரக் கூரையில் மழை தூறுவது கேட்டது. "இண்டைக்கு என்ன நேரத்தோடை? நீங்கள் ஞாயிற்றுக்கிழமையெல்லோ எடுக்கிறனீங்கள்."

"சும்மாதான் பிள்ளை. மழையோ?"

"விடாத மழை. இப்பதான் கொஞ்சம் விட்டிருக்கு. விட்ட கையோடை ஓடிப் போய் விளக்கை வைச்சிட்டு வந்திடலாமெண்டு வெளிக்கிட்டு நிக்கிறன். ஒரு கையிலை குடை, ஒரு கையிலை எண்ணெய். நீங்கள் இப்ப கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலை நிக்கிறியள்."

வேணுகாவின் முகத்தைப் பார்க்காமல் இரத்தினம்மா கேட்டாள். "வேலியடியிலைதானே வைக்கிறனி?"

"முந்தித்தான் வேலியடி. இவற்றை அம்மா ஒரு சாத்திரியிட்டைக் கூட்டிக்கொண்டு போனவ. நாகதோசமாம். காணியிலையே நாகதம்பிரானை வைச்சுக்கொண்டு வேலிக்கு வெளியிலை நிண்டு கும்பிட்டால் அவர் எப்பிடிப் பிள்ளை தருவார் எண்டு கேட்டவராம். நாப்பத்தெட்டு நாள் நேர்த்தி வைச்சிருக்கிறன் மாமி. கல்லடியிலை போய் விளக்கு வைச்சு மூண்டு தரம் சுத்த வேணும். உங்களுக்குச் சொல்லேல்லை, சொன்னால் அப்பா மாதிரிப் பேசுவியள் எண்டு. இண்டைக்கு முப்பத்தாறு."

கூடத்தில் நித்தியானந்தன் எழும்பி நின்றார்.

"கல்லடிக்கு…" இரத்தினம்மா போனை வாய்க்குக் கிட்ட இழுத்தாள். "கல்லடிக்கோ போறனி? ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம் மாமி. வெறுங்காலோடைதான். நேர்த்தியெல்லோ. பற்றை வழிவிடாது எண்டு நினைச்சன், ஒரு முள்ளுக் கூடக் குத்தேல்லை." லக்சாயினி குரலைத் தாழ்த்தினாள். "ஒண்டு சொல்லட்டோ? இவருக்கும் இன்னும் சொல்லேல்லை. பன்ரண்டு நாள் தள்ளிப் போட்டுது மாமி. எனக்கு ஒருநாளும் இப்பிடித் தள்ளினதில்லை. பதினொரு வருசத்துக்குப் பிறகு. அப்பா இருந்திருந்தால். அப்பாவாலைதானே இதெல்லாம். அவர் அந்தக் கல்லை வைச்சபடியாலைதானே."

இரத்தினம்மா கையை நீட்டினாள். வேணுகா அதைப் பிடித்தாள். 

"சரி மாமி, மழை திரும்பப் பிடிக்க முதல் நான் ஓடிப்போட்டு வாறன். வந்து எடுக்கிறன்."

"லக்சி, நில்."

"ரெண்டு நிமிசம்தான் மாமி."

"நில்லெண்டால் நில். கையிலை இருக்கிற எண்ணெயைக் கீழை வை. வைச்சனியோ?"

"வைச்சிட்டன். என்ன மாமி? ஏன் ஒரு மாதிரிக் கதைக்கிறியள்? ஆருக்கும் ஏதும்…"

"கொப்பாவின்ரை கால் காட்டிலை போகேல்லை."

அந்தப் பக்கம் போன் தோளிலிருந்து கைக்கு மாறுகிற சரசரப்புக் கேட்டது.

"அந்த மூலையிலை போனது. கிணத்துக்கும் பனைக்கும் நடுவிலை. இன்னொண்டும் கிடக்கு, இன்னும் எத்தினையோ தெரியாது. காடு எண்டு சொல்லச் சொன்னது நான். அவரிலை பிழையில்லை, நான்தான். உன்ரை கலியாணம் குழம்பிப் போகும் எண்டு. அங்கை ஒரு சாமியும் இல்லைப் பிள்ளை. ஆரும் கால் வைக்கக் கூடாதெண்டு கொப்பா நட்டது அந்தக் கல்லு. மேட்டு வேலியிலை கிடந்த கல்லு. இனி அந்தப் பக்கம் போகாதை. ஒரு அடியும் வையாதை. சிந்துஜனுக்கு நான் சொல்லுறன், அவற்றை தாயிட்டையும் நானே சொல்லுறன். உனக்கு ஒண்டும் தெரியாதெண்டு சொல்லுறன். கேக்குதோ? லக்சி? கேக்குதோ?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். குடையை மடிக்கிற சத்தம் வந்தது. எங்கேயோ ஒரு ஆட்காட்டிக் குருவி கத்திவிட்டு ஓய்ந்தது. தூரத்தில் இராசம்மா, விளக்கு வைச்சாச்சோ என்று கேட்பது மழைக்குள்ளால் வந்தது. 

"அப்ப, முப்பத்தைஞ்சு நாளும் நான் ஆருக்கு மாமி விளக்கு வைச்சனான்?"